வண்டி மோதிய பிறகு உங்கள் கையும் காலும்: சாரதிகள் என்னிடம் கேட்பவை

எலும்பு முறிவு வாட்டில் 26 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஓட்டோ தரிப்பிடங்களுக்கும், வான், லொறி ஓட்டுகிறவர்கள் கூடும் இடங்களுக்கும் முதலுதவி பற்றிக் கதைக்கப் போகிறேன். கூட்டம் கலைந்த பிறகு மூன்று நாலு பேர் தனியாக வந்து நிற்பார்கள். ஊர் மாறும், கேள்வி மாறாது.

பயணிக்கு அடிபட்டால் எப்படித் தூக்குவது என்று எல்லாரும் கேட்பார்கள். வண்டியை ஓட்டிய தன்னுடைய காலுக்கு என்ன நடந்தது என்பதைச் சாரதி கடைசியில்தான் கேட்பார். அதனால் இந்தப் பக்கம் முழுக்க சாரதிக்காக எழுதியது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

நான் எழும்பி நடந்தன் மிஸ். அப்ப எலும்பு முறியல்ல தானே?

அப்படிச் சொல்ல முடியாது. பாதத்திலுள்ள சின்ன எலும்புகள் முறிந்தும் நடந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். கெண்டைக்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பு முறிந்தும் நடக்கலாம். இடுப்புப் பக்கம் தொடை எலும்பின் கழுத்து வெடித்து, இரண்டு துண்டும் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நின்றால், நொண்டியாவது சிலர் நடந்துவிடுவார்கள்.

மோதிய அதிர்ச்சியில் உடம்பில் அட்ரினலின் பாயும். அந்த நேரத்தில் வலி மங்கிவிடும். எங்கள் வாட்டுக்கு ஒரு வான் சாரதி வந்தார். லைட் இல்லாத உழவு இயந்திரப் பெட்டியில் இரவு மோதியவர். பின்னால் இருந்த ஆறு பேரையும் தானே இறக்கி, வேறு வண்டி பிடித்து அனுப்பி, கண்ணாடித் துண்டுகளையும் ஒதுக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். விடியும்போது அவருடைய இடது பாதம் குளிர்ந்து, வெளுத்து, விறைத்துப் போயிருந்தது. முழங்காலுக்குப் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. காலைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் நடந்ததையும் வேலை செய்ததையும் பார்த்து யாரும் சந்தேகப்படவில்லை, அவரும் சந்தேகப்படவில்லை.

அப்ப முதல்ல எதைப் பார்க்க வேணும்?

எஞ்சினை நிறுத்துங்கள். மூச்சு வடிவாக வருகிறதா, எங்காவது இரத்தம் கொட்டுகிறதா என்று பாருங்கள். கழுத்தோ முதுகோ வலித்தால், வண்டியில் தீயோ பெற்றோல் ஒழுக்கோ இல்லாதவரை அசையாமல் இருந்து உதவிக்குக் கூப்பிடுங்கள். இவ்வளவும் சரி என்றால் கை கால்களுக்கு வாருங்கள்.

நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: அடிபட்ட இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அதற்குக் கீழே பாருங்கள். தொடையில் அடி என்றால் கால் விரலைப் பாருங்கள். முழங்கையில் அடி என்றால் கை விரலைப் பாருங்கள். அங்கே பார்க்க வேண்டியது நாலு விஷயம். நிறம், சூடு, உணர்வு, அசைவு. எங்களுடைய தோல் நிறத்துக்கு வெளுப்பு மேலால் தெரியாது, அதனால் நகத்தடியையும் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். நகத்தை அது வெளுக்கும்வரை அமுக்கி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். புறங்கையால் தொட்டு மற்றக் காலோடு சூட்டை ஒப்பிடுங்கள். விரல் ஒவ்வொன்றையும் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று பாருங்கள். கால் பெருவிரலை மேலே தூக்குங்கள், கீழே மடக்குங்கள்.

நாடி பார்க்கத் தெரிந்தவர்கள் கையில் பெருவிரல் பக்க மணிக்கட்டிலும், காலில் உள்பக்கக் கணுக்கால் மொளிக்குப் பின்னாலும் பார்க்கலாம். பிடிபடவில்லை என்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நாலில் ஒன்றாவது மற்றப் பக்கத்தோடு ஒத்துப் போகவில்லை என்றால் அது அவசரம். இந்த நாலு பார்வையும் கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

மோதிரம், காப்பு, கைக்கடிகாரம், இறுக்கமான சப்பாத்து எல்லாவற்றையும் இப்போதே கழற்றுங்கள். வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டி வரும்.

ரத்தம் வருது. எவ்வளவு போனா ஆபத்து?

வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் இருக்கிறது. ஒன்றரை லீற்றர் அளவு போனால் இரத்த அழுத்தம் விழத் தொடங்கும். வீதியில் நின்று அதை அளக்க முடியாது, அதனால் வருகிற விதத்தைப் பாருங்கள். துடித்துத் துடித்துப் பீறினாலும், நிற்காமல் ஓடித் தரையில் குளமாகத் தேங்கினாலும், வைத்து அமுக்கிய துணி நனைந்து மேலால் வழிந்தாலும் அது உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு. சுத்தமான துணியை நேரே காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அமுக்குங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்கக்கூடாது.

ஏமாற்றுவது வெளியே வராத இரத்தம். தொடை எலும்பு முறிந்தால் தோலில் ஒரு கீறலும் இல்லாமலே தொடைக்குள் ஒரு லீற்றருக்கு மேல் தேங்கலாம். தொடை தடித்து இறுகி, ஆளுக்குத் தாகம், குளிர்வேர்வை, தலைச்சுற்று, பதற்றம் வந்தால், வெளியே ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் உள்ளே இரத்தம் போகிறது என்றே எடுங்கள்.

இறுக்கிக் கட்டினா கால் அழுகிப் போயிடும் என்டு சொல்றாங்களே?

இந்தப் பயத்தால் கட்ட வேண்டிய நேரத்தில் கட்டாமல் விடுகிறார்கள். கட்டத் தேவையில்லாத காயத்துக்கு நைலோன் கயிற்றால் கட்டிக்கொண்டும் வருகிறார்கள். இரண்டையும் கண்டிருக்கிறேன். அமுக்கி நிற்கிற இரத்தத்துக்கு இறுக்குக் கட்டு வேண்டாம். முழுப் பாரத்தோடு அமுக்கியும் நிற்காமல் பீறினால், அல்லது கால் துண்டுபட்டுப் போயிருந்தால் மட்டும் கட்டுங்கள்.

சால்வை, சாரன் கிழிசல், சேலைத் துண்டு ஏதாவது ஒன்றை நாலு சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலப் பட்டியாக மடியுங்கள். காயத்துக்கு மேலே, நாலு விரல் தள்ளி, மூட்டில் படாமல் சுற்றி முடிச்சுப் போடுங்கள். முடிச்சின் மேல் ஒரு உறுதியான தடியோ ஸ்பனரோ வைத்து இன்னொரு முடிச்சுப் போட்டு, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். மிகவும் வலிக்கும், அது எதிர்பார்த்ததுதான். அரைகுறையாக இறுக்கினால் உள்ளே போகும் இரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பும் வழி மட்டும் அடைபட்டு இரத்தப்போக்கு கூடும். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். வழியில் தளர்த்த வேண்டாம். இரண்டு மணித்தியாலம் வரை பொதுவாகக் காலுக்குச் சேதம் வராது, அதற்குள் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கம்பி, கயிறு, வயர் தசையை வெட்டும், ஆகவே அவை வேண்டாம்.

எலும்பு வெளியில வரல்ல. ஒரு சின்ன ஓட்டைதான். அதுக்கும் அவசரமா?

முறிந்த எலும்பின் கூர் தோலைக் குத்தி வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போயிருக்கலாம். முறிவு இருக்கிற இடத்துக்குக் கிட்ட அரிசியளவு காயம் இருந்தாலும் அதைத் திறந்த முறிவு என்றே எடுக்க வேண்டும். அந்த ஓட்டையால் இருண்ட இரத்தம் கசிந்துகொண்டே இருந்து, அதில் கறியில் எண்ணெய் மிதப்பதுபோல் சின்னச் சின்னக் கொழுப்புத் துளிகள் தெரிந்தால் அது எலும்பு மச்சையிலிருந்து வருகிறது.

இதில் அவசரம் கிருமியால். எங்கள் பக்கத்தில் வண்டி வீதியை விட்டு இறங்கினால் விழுவது வயலில், வாய்க்காலில், இல்லையென்றால் வாவிக் கரையில். சேறு, மாட்டுச் சாணம், தேங்கிய தண்ணீர் எல்லாம் காயத்துக்குள் போகும். நுண்ணுயிர்கொல்லி மருந்து எவ்வளவு கெதியாக இரத்த நாளத்தில் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது, ஒரு மணித்தியாலத்துக்குள் கிடைத்தால் மிக நல்லது. ஏற்புத்தடுப்பு (டெட்டனஸ்) ஊசியும் வேண்டும். விழுந்தது சேற்றிலா வாவித் தண்ணீரிலா என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள், கொடுக்கும் மருந்து அதைப் பார்த்து மாறலாம். மஞ்சள், கோப்பித்தூள், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு ஒன்றும் வைக்க வேண்டாம். எலும்பு தெரிந்தால் உள்ளே தள்ளக்கூடாது. சுத்தமான துணியால் மூடினால் போதும்.

முழங்கால் முன்தட்டில அடிபட்டது. வீக்கம் மட்டும்தான் இருக்கு. பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

நேருக்கு நேர் மோதும்போது உடம்பு முன்னுக்கு வழுக்கி, முழங்கால் டாஷ்போர்டில் போய் இடிக்கும். அந்த இடி முழங்காலோடு நிற்பதில்லை. தொடை எலும்பு வழியாக ஏறி இடுப்பு மூட்டு வரைக்கும் போகும். அதனால் முழங்காலில் சின்னக் கண்டல் மட்டும் தெரிய, இடுப்பு மூட்டு விலகியிருக்கும்.

ஆளைப் படுக்க வைத்துக் காலைப் பாருங்கள். கால் கட்டையாகி, தொடை மடங்கி, முழங்கால் உள்பக்கம் திரும்பி, நீட்டவே முடியாமல் இருந்தால் இடுப்பு மூட்டு பின்னுக்கு விலகியிருக்கலாம். கால் கட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சரிந்து கிடந்தால் தொடை எலும்பு முறிவை நினைக்க வேண்டும். விலகிய மூட்டை ஆறு மணித்தியாலத்துக்குள் திரும்பப் பொருத்தினால் எலும்பின் தலை இரத்தமில்லாமல் செத்துப்போகும் ஆபத்து குறையும். பொருத்துவது மயக்க மருந்து கொடுத்து வைத்தியர் செய்யும் வேலை. யாரும் காலைப் பிடித்து இழுக்க விடாதீர்கள்.

இன்னொன்று முழங்கால் மூட்டே விலகுவது. அது சில வேளை தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், பார்த்தால் சாதாரண வீக்கம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணத்தில் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் கிழிந்து அடைபட்டிருக்கலாம். மேலே சொன்ன வான் சாரதிக்கு நடந்தது அதுதான். முழங்காலில் பலமான அடி, பக்கவாட்டில் ஆடுகிற முழங்கால், பெருவிரலை மேலே தூக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பாதம் இப்போது சூடாக இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போய், “முழங்கால் விலகித் திரும்பியிருக்கலாம், இரத்த ஓட்டத்தைப் பாருங்கள்” என்று வாய் விட்டுச் சொல்லுங்கள். வழியில் நாலு பார்வையை 15 நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.

எங்களுக்கு ஓட்டோதானே மிஸ். அதில என்ன மாதிரி அடி படும்?

ஓட்டோ புரளும்போது மனிதர் தன்னையறியாமல் கையை வெளியே ஊன்றுவார். கூரை விளிம்புக் கம்பிக்கும் தாருக்கும் நடுவில் அந்தக் கை அகப்படும். விரல், புறங்கை, முன்கை நசிந்து, தோல் உரிந்து வரும். முன்னால் மோதினால் முழங்காலும் கெண்டைக்கால் முன்னெலும்பும் முன் தகட்டில் அடிபடும். அந்த முன்னெலும்புக்கு மேல் தோல் மட்டும்தான், தசை இல்லை. ஆகவே அங்கே முறிந்தால் மிக இலேசாகத் திறந்த முறிவாகிவிடும்.

மோட்டார் சைக்கிளில் தூக்கி வீசப்பட்டுத் தோளில் விழுந்தவர் கையைத் தூக்க முடியாமல், கை முழுக்க விறைத்துத் தொங்கினால், எலும்பு முறியாவிட்டாலும் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கட்டு இழுபட்டிருக்கலாம். அதோடு கழுத்தும் சந்தேகத்துக்குரியது. பஸ், லொறி, வான் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. யன்னலில் முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். எதிரே வருகிற வண்டி உரசிக்கொண்டு போனால் முழங்கையின் மூன்று எலும்பும் நொறுங்கும். பத்து வருடம் கழித்தும் அந்தக் கை முழுதாக மடங்காதவர்களைக் கண்டிருக்கிறேன்.

பிரேக்கை ஊன்றி மிதிச்சன். எக்ஸ்ரேயில ஒண்டும் இல்ல என்டாங்க, ஆனா பாதம் ஊன்ற ஏலாது.

பிரேக்கில் முழுப் பலத்தோடு கால் நிற்கும்போது மோதினால் அந்த விசை பாதத்தின் நடுவில் உள்ள சின்ன மூட்டுகளில் இறங்கும். படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயில் அந்த விலகல் தெரியாமல் போகலாம். ஒரு அடையாளம் சொல்கிறேன்: உள்ளங்காலின் நடுவில் கருநீலமாகக் கண்டியிருந்தால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக்கூடாது. திரும்பப் போய், ஊன்றியபடி எடுக்கும் எக்ஸ்ரே அல்லது சீடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். உயரத்திலிருந்து விழுந்ததுபோல் குதிகால் வலித்தாலும் அப்படித்தான்.

கால் விறைச்சுப் போச்சு. வலி இல்ல. அது நல்லம் தானே?

இல்லை. வலிக்கிற கால் உணர்வுள்ள கால். வலி இருந்து பிறகு விறைத்துப் போனால் நரம்போ இரத்த ஓட்டமோ பாதிக்கப்பட்டிருக்கிறது. ஒரு காலில் மட்டும் என்றால் நாலு பார்வையைப் பார்த்துவிட்டு உடனே புறப்படுங்கள். இரண்டு காலும் விறைத்தால், அசைக்க முடியாவிட்டால், சிறுநீர் தெரியாமல் போனால் அது காலில் வந்த பிரச்சினை இல்லை, முள்ளந்தண்டில் வந்தது. ஆளை அசைக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

பெட்டி டயர் காலுக்கு மேல ஏறிச்சு. ஆனா தோல் கிழியவே இல்ல.

அறுவடைக் காலத்தில் இது அடிக்கடி வரும். நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டியின் டயர் ஏறி இறங்கும்போது தோலைத் திருகி, அடியில் இருக்கும் தசையிலிருந்து கழற்றிவிடும். வெளியே டயர் அடையாளம் மட்டும் இருக்கும். தொட்டால் தோல் சொதசொதவென்று தண்ணீர்ப் பை மாதிரி அசையும், அந்த இடம் உணர்வில்லாமல் இருக்கும். கழன்ற தோலுக்கு இரத்தம் வராமல் சில நாளில் கறுத்துவிடும். அதனால் காயமில்லை என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

கால் வண்டிக்குள் நசிந்து சிக்கியிருந்தால், அப்போதுதான் நடந்தது என்றால் பாரத்தைக் கெதியாக எடுங்கள். 15 நிமிடத்துக்கு மேலாகிவிட்டது என்றால், எடுக்குமுன் 1990இல் கேளுங்கள். நசிந்த தசையில் தேங்கிய பொட்டாசியம் ஒரேயடியாகப் பாய்ந்து இதயத்தைத் தாக்கக்கூடும். அடுத்த நாள்களில் சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, உடனே சொல்லுங்கள்.

துண்டுபட்ட விரலை ஐஸில போட்டுக் கொண்டு போகலாமா?

நேரே ஐஸில் போட்டால் தசை உறைந்து கெட்டுவிடும், பிறகு பொருத்த முடியாது. துண்டை மேலால் மெதுவாகக் கழுவி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். எங்கள் கரையோரத்தில் ஐஸுக்குக் குறைவில்லை. மீன் லொறிக்காரரிடம் கேட்டால் றெஜிபோம் பெட்டியோடு தருவார்.

இப்படிக் குளிர வைத்த விரலை ஒரு நாள் வரைக்கும் பொருத்த முயலலாம். தசை நிறைந்த கை, கால் துண்டுக்கு அவ்வளவு நேரமில்லை, குளிர வைக்காவிட்டால் ஆறு மணித்தியாலம்தான். பொருத்த முடியுமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும், நீங்கள் துண்டை எறிந்துவிடாதீர்கள்.

1990 வரும்வரை நிக்கிறதா, கிடைச்ச வண்டியில ஏத்திக்கொண்டு போறதா?

1990 இலவச அம்புலன்ஸ். முதலில் அழைத்து, எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்று கேளுங்கள். கழுத்து, முதுகு, இடுப்பு, தொடை முறிவு என்றால் முடிந்தவரை நில்லுங்கள். வாகரைப் பக்கமோ, செங்கலடி–பதுளை வீதியில் கரடியனாறு தாண்டியோ நின்று, வர நேரமாகும் என்றால், காலை அசையாமல் கட்டி நீட்டிப் படுக்க வைக்கக்கூடிய வண்டியைப் பிடியுங்கள். ஓட்டோவின் பின்சீட்டில் முறிந்த தொடையை மடக்கி ஏற்றுவது மோசம். அடிபட்ட சாரதி தானே ஓட்டிக்கொண்டு போகவே கூடாது, வழியில் மயங்கலாம்.

கட்டுவதற்குத் தென்னை மட்டை, பனை மட்டை, மடித்த காட்போட், சுருட்டிய பாய் எதுவும் சரி. முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாத நீளம் வேண்டும். கிடக்கிற நிலையிலேயே கட்டுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்து, நடுவில் துணி வைத்துக் கட்டுங்கள். கட்டுமுன் ஒரு தடவை, கட்டிய பின் ஒரு தடவை நாலு பார்வை. கட்டிய பின் விரல் குளிர்ந்தால் கட்டைத் தளர்த்துங்கள். இது முறிவுக் கட்டுக்கு மட்டும், மேலே சொன்ன இறுக்குக் கட்டுக்கு இல்லை.

சோடா, இளநீர், பிளேன்டீ என்று பாசத்தில் கொண்டுவந்து நீட்டுவார்கள். குடிக்க வேண்டாம், சத்திரசிகிச்சைக்கு வயிறு வெறுமையாக இருக்க வேண்டும்.

முறிவு வைத்தியரிட்டக் காட்டினா என்ன? எங்கட அப்பா காலத்தில எல்லாம் அவர்தானே.

அவர்களை நான் மதிக்கிறேன். நல்ல முறிவு வைத்தியர் தானே, “இது ஆஸ்பத்திரிக் கேஸ், கொண்டு போங்க” என்று அனுப்பிய ஆள்களை வாட்டில் ஏற்றிருக்கிறேன். ஆனால் புதிதாக வீங்கும் காலில் எண்ணெய் போட்டு உருவுவதும், பத்துப் போட்டு மூங்கில் தப்பையை இறுக்கிக் கட்டுவதும் இரத்த ஓட்டத்தை நிறுத்தக்கூடும். இறுக்கிய கட்டோடு விரல் கறுத்துப்போய் மூன்றாம் நாள் வந்த இளம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்மாரின் முகம் இன்னும் மறக்கவில்லை. முதலில் வைத்தியசாலை, எக்ஸ்ரே, இரத்த ஓட்டம். விபத்துக் காயத்தில் அந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

பிளாஸ்டர் போட்டு வீட்டுக்கு விட்டாங்க. ராவைக்கு வலி தாங்க ஏலாது. விடியட்டும் என்டு இருக்கலாமா?

விடியும்வரை இருக்க வேண்டாம். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று நினைத்தேன். கெண்டைக்காலிலும் முன்கையிலும் தசைகள் இழுபடாத உறைகளுக்குள் இருக்கின்றன. முறிந்த பிறகு உள்ளே வீங்கினால் அந்த உறைக்குள் அழுத்தம் ஏறி, தசைக்கும் நரம்புக்கும் இரத்தம் போகாமல் செய்யும். முறிவு இல்லாத நசிவிலும் இது வரலாம். அடிபட்டுச் சில மணித்தியாலத்திலிருந்து இரண்டு நாள் வரைக்கும் எப்போதும் தொடங்கலாம். தொடங்கினால் ஆறு மணித்தியாலத்துக்குள் தசை சாகத் தொடங்கிவிடும்.

முதல் அடையாளம் வலிதான், ஆனால் சாதாரண வலி இல்லை. அடிக்குத் தகுந்ததைவிடப் பல மடங்கு, மாத்திரைக்கு அடங்காமல், நேரத்துக்கு நேரம் ஏறும். விரலை வேறொருவர் மெதுவாக இழுத்து நீட்டினால் ஆள் கத்துவார். கெண்டை மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கும். விறைப்பு பிறகு வரும். மேலே நாலு பார்வை சொன்னேன், இங்கே அது மட்டும் போதாது. நாடி துடிக்கும், விரல் சிவந்தே இருக்கும், அப்படியிருந்தும் உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். விரல் சரியாக இருக்கிறது என்று ஏமாறவே கூடாத இடம் இது.

வழமையான வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைப்போம். இந்த வலிக்கு உயர்த்தாமல் நெஞ்சின் மட்டத்தில் வைத்து, சுற்றுத்துணியைத் தளர்த்தி, அந்த இரவே வைத்தியசாலைக்குப் போங்கள். பிளாஸ்டரை வெட்டித் திறப்பதில் ஒரு நட்டமும் இல்லை, மறுபடி போடலாம். “இப்பதானே போனீங்க” என்று யாராவது சலித்துக்கொண்டாலும் திரும்பி வராதீர்கள்.

எனக்குச் சீனி வருத்தம். எனக்கும் இதே அடையாளம்தானா?

பல வருடமாகச் சீனி வருத்தம் உள்ளவருக்குப் பாதத்தில் உணர்வு முன்னரே குறைந்திருக்கலாம். அதனால் உங்களுக்கு வலியை நம்ப முடியாது. பாதம் முறிந்தும் வலிக்காமல் நடப்பீர்கள். விபத்துக்குப் பிறகு இரண்டு காலையும் வெளிச்சத்தில் வைத்து, வீக்கம், சூடு, நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். இதயத்துக்காக அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வார்பரின் எடுக்கிறவர்களுக்கு இரத்தம் நிற்க நேரமாகும், சின்ன அடியிலும் உள்ளே தேங்கும். கிளினிக் கொப்பியை வண்டியில் வைத்திருங்கள்.

கொஞ்சம் குடிச்சிருந்தன். அதை டொக்டரிட்டச் சொல்ல வேணுமா?

சொல்லுங்கள். மதுவும் வலியை மறைக்கும், அதனால் உங்களைப் பரிசோதிப்பவர் தொட்டுப் பார்த்து வலியில்லை என்று முடிவெடுத்துவிடக்கூடாது. மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிய வேண்டும். வழக்கை நினைத்து மறைத்துக் காலைப் பறிகொடுக்க வேண்டாம்.

வண்டியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா, ஓடிட்டான் என்டு சொல்ல மாட்டாங்களா?

பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அழைத்து, விபத்து நடந்த இடத்தையும், காயத்தோடு எந்த வைத்தியசாலைக்குப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நிற்கிறவர்களில் ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் பொலிஸ் காவலரண் இருக்கிறது, வாக்குமூலத்தை அங்கேயே கொடுக்கலாம். மேலே எழுதிய அடையாளங்களில் ஒன்று இருந்தால் பொலிஸ் வந்து அளவெடுக்கும்வரை வீதியோரம் காத்து நிற்க வேண்டாம்.

தொடை முறிஞ்சு வாட்டில இருக்கார். ரெண்டாம் நாள் மூச்சு வாங்குது, ஏதோ உளறுறார். பயத்திலயா?

பயம் என்று எண்ணாமல் அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள். தொடை போன்ற பெரிய எலும்பு முறிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள், எலும்பு மச்சையின் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். மூச்சு வாங்கும், ஆள் தடுமாறுவார், நெஞ்சிலும் அக்குளிலும் கண்ணிமையின் உள்பக்கத்திலும் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தோன்றலாம். பக்கத்தில் இருக்கும் மனைவிக்கோ அம்மாவுக்கோதான் இது முதலில் தெரியும், ஏனென்றால் அவர் வழமையாக எப்படிக் கதைப்பார் என்று உங்களுக்குத்தான் தெரியும். “இவர் இப்படிக் கதைக்கிற ஆள் இல்ல மிஸ்” என்று ஒரு மனைவி வந்து சொன்னதால்தான் அன்று நாங்கள் ஒட்சிசன் அளவைப் பார்த்தோம். அது ஆபத்தான அளவுக்குக் குறைந்து 84 வீதமாக இருந்தது.